முன் பாக்கி

கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
ஆகையால் என் கண் ஏன் சிவப்பு என்று
ஒருவரும் கேட்டதில்லை.
பதில் வாசலிலேயே
பல்லாரி மூட்டையாய் அடுக்கியிருக்கிறது.

பதினோரு வருஷம் இப்படியே.
விடிந்தால் இமை ஒட்டிக் கிடக்கும்.
எச்சில் தொட்டுப் பிரிப்பேன்,
மழைக்கு நனைந்த பேரேட்டைப் பிரிப்பதுபோல.
முடியடியில் தவிடாய் ஏதோ உதிரும்.
மத்தியானம் மணல் போட்டு அரைக்கும்.
பொழுது சாய்ந்தால் ஏழெல்லாம் ஒன்றாகும்.
ஒருநாள் எழுபது சிப்பத்தைப் பத்து என்று எழுதி
தேனிக்காரர் வாயில் விழுந்தேன்.

தங்கமாரி அண்ணாச்சி சொல்வார்:
“வெங்காயம் அழுகுது, நீ அழுவுற,
ரெண்டும் எனக்குத்தாம்ல நட்டம்.”
மண்டியே சிரிக்கும். நானும்.
துண்டால் துடைத்துக்கொண்டு.

நந்தியாவட்டைப் பூ வைத்தேன்.
விளக்கெண்ணெய் விட்டேன்.
மெடிக்கலில் பேர் தெரியாத சொட்டு மருந்து,
பன்னிரண்டு பாட்டில் இருக்கும்.

அண்ணா நகர் கண் ஆஸ்பத்திரியில்
தாடையை வைக்கச் சொல்லி
இமையைப் புரட்டிப் பார்த்தார் ஜெசிந்தா டாக்டர்.
“வெங்காயத்து மேல பழி போடாதீங்க.
இது இமை அழற்சி. ரெண்டு வகை.
ஒண்ணு முன் விளிம்புல, முடி வேர்ல.
பொடுகுக்குச் சொந்தக்காரன்.
இன்னொண்ணு பின் விளிம்புல.
இருபது முப்பது எண்ணெய்ச் சுரப்பி வரிசையா இருக்கு,
எல்லாம் வாயடைச்சுப் போய்க் கிடக்கு.”
எனக்கு எது டாக்டர்?
“ரெண்டும்.”

மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்தால்
என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.
வெயிலில் வைப்பேன் என்றேன்.
“வைத்தியமும் அதுதான்.”

தீர்ந்துவிடுமா?
எழுதுவதை நிறுத்தாமல் சொன்னார்:
“பல்லு விளக்குறோம். தீந்துருச்சா?”

செல்லூர் கடையில் பச்சைக் குழந்தை ஷாம்பு கேட்டேன்.
பக்கத்து வீட்டு முத்துராக்கு பார்த்துவிட்டாள்.
நாற்பத்தாறு வயசு ஒச்சம்மாளிடம்
“விசேஷமாக்கா?” என்று கேட்டுவிட்டாள்.
இரண்டு நாள் எனக்குச் சோறு
தட்டில் விழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது.

நாலரைக்கு எழுகிறேன்.
சுடுதண்ணீரில் துணி முக்கி, பிழிந்து,
மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து
மூடிய கண்மேல் வைக்கிறேன்.
ஆறினால் மறுபடி முக்கு. பத்து நிமிஷம்.
அப்புறம் விரல் நுனியால்
மேலிமையைக் கீழே, கீழிமையை மேலே,
முடியை நோக்கி மெல்ல நீவு.
ஆறவைத்த வெந்நீரில் ஷாம்பு ரெண்டு சொட்டு,
பஞ்சைத் தொட்டு விளிம்பைத் துடை.
ராத்திரிக்குக் களிம்பு, அது மட்டும் ஆறு வாரம்.

அந்தப் பத்து நிமிஷ இருட்டில்
தண்டவாளம் பக்கம் ஒரு ரயில் கத்தும்.
ஒச்சம்மாள் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் சத்தம்.
ஒருநாள், கேட்காமலே,
துணி அவள் கையிலிருந்து வந்தது.
நான் வைப்பதைவிடச் சூடு கூடுதல்.
சொல்லவில்லை.

ஆனியில் கண் வெள்ளையாகிவிட்டது.
ஏழு ஏழாகவே நின்றது.
ஆடியில் துணியை விட்டேன்.
ஆவணியில் இமை ஒட்டியது.
டாக்டர் திட்டவில்லை.
துணி இருக்கா என்று மட்டும் கேட்டார்.

புதுப் பேரேடு போடும்போது
முதல் வரியில் முன் பாக்கி எழுதுவோம்.
அது கடன் தீரவில்லை என்பதற்கு அடையாளம்;
கடை நடக்கிறது என்பதற்கும்.

நேற்றுக் கதவை இறக்கியபின்
அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.
சுமைக்காரர் வெள்ளைப்பிச்சை போய்விட்டாரா என்று
எட்டிப் பார்த்துக்கொண்டார்.
விளிம்பெல்லாம் சிவப்பு, முடியடியில் தவிடு.
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“ஏம்ல, அந்தத் துணி...
எம்புட்டுச் சூடு இருக்கணும்?”

நான் பேனாவை மூடினேன்.
“வெங்காயந்தான் அண்ணாச்சி” என்று
சொல்லத்தான் வாய் வந்தது.